கனமான கேமராவுக்கு ட்ரைபாட்: ஏற்காட்டுக்கு பைக்கில் தூக்கிப் போகவும் வேண்டும், ஆடாமல் நிற்கவும் வேண்டும்

இருபதாம் வளைவு
ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாகக் கேள்வி கேட்கிறேன்.

கேமரா நிக்கான் டி850, லென்ஸ் 200-500. கேமரா ஒரு கிலோ, லென்ஸ் 2.3 கிலோ, ஆக மொத்தம் 3.3 கிலோ. இன்று விடியற்காலை நாலு மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து பைக்கில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி லேடீஸ் சீட் போய்ச் சேர்ந்தேன். கீழே சேலத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேகம் இல்லை, மூடுபனி இல்லை. இப்படி ஒரு காலை எப்போதாவதுதான் அமையும். 500 மி.மீ.க்கு இழுத்து வைத்து அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் ஒரு குட்டிப் புழு. அறுபது படத்திலும் புழு.

என்னிடம் இருக்கும் ட்ரைபாட் மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய அலுமினியம். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் 8 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. நான் வைப்பது அதில் பாதிகூட இல்லையே, ஏன் ஆடுகிறது?

புதிதாக வாங்கலாம் என்று இருக்கிறேன். கார் கிடையாது, பைக்தான். மடித்தால் முதுகுப்பையில் கட்டுகிற நீளம் இருக்க வேண்டும். ஹெட்டோடு (கேமராவைப் பிடிக்கும் மேல்பகுதி) சேர்த்து இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. உயரம் 5 அடி 10 அங்குலம், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எதை வாங்கலாம்?


தட்டுவடை செட்டு
ஞாயிறு, இரவு 9:52

கார்பன் ஃபைபர் வாங்குங்க. முடிஞ்சது.


மூக்கனேரிக் கொக்கு
ஞாயிறு, இரவு 11:15

முடியவில்லை. கார்பனிலும் ஆடுகிறது இருக்கிறது, நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

முதலில் அந்த 8 கிலோ. இதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு முறை கிடையாது. ஒருவர் கால் வழுக்காமல் நிற்கிற எடையைப் போடுவார், இன்னொருவர் உடையாமல் நிற்கிற எடையைப் போடுவார். இரண்டுமே உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத் தேவையில்லை, எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் அடங்கும் என்பதுதான் தேவை. கயிற்றுக்கட்டில் நாலு பேரைத் தாங்கும். அதன் மேல் கேமராவை வைப்பீர்களா?

ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் சுமார் 4.35 மைக்ரான். 500 மி.மீ. லென்ஸில் படம் ஒரு பிக்சல் நகர வேண்டுமென்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனி 9 மைக்ரான் அசைகிற அளவுக்கு லென்ஸ் திரும்பினால் போதும். நம் தலைமுடியின் தடிமன் சுமாராக 70 மைக்ரான். அதில் எட்டில் ஒரு பங்கு. லேடீஸ் சீட்டில் அடிக்கிற காற்றுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அடுத்து காலின் குழாய். சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் விறைப்பு குழாயின் விட்டத்துக்கு மூன்றாம் படியாகக் கூடும். 28 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பு. 22-லிருந்து 32 போனால் மூன்று மடங்கு. பார்வைக்கு வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. ட்ரைபாட் விளம்பரத்தில் எல்லாரும் எடையைப் பார்ப்பார்கள், நீங்கள் மேல்குழாயின் விட்டத்தைப் பாருங்கள். அதோடு, ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் துண்டுகளில் கடைசி செக்‌ஷனின் விட்டத்தையும் கேளுங்கள். அதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதிருக்கும் ட்ரைபாடில் கேமராவை ஏற்றி, 500-ல் வைத்து, தூரத்தில் ஏதாவது ஒரு எழுத்தை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். லென்ஸின் நுனியை விரலால் லேசாக ஒரு தட்டு. ஆட்டம் நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் பேசலாம்.


இருபதாம் வளைவு
திங்கள், இரவு 8:30

கொக்கு சார், செய்து பார்த்தேன். மொட்டைமாடியில் வைத்து, இரண்டு தெரு தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் எழுத்தைப் பிடித்தேன்.

நடுத்தண்டை முழுக்க ஏற்றி, கால் நாலு செக்‌ஷனும் நீட்டி: ஆறு வரை எண்ணினேன், இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நடுத்தண்டைக் கீழே இறக்கியதும் மூன்று. கடைசி செக்‌ஷனை உள்ளே தள்ளியதும் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அதே ட்ரைபாட், அதே லென்ஸ்!

நேற்று நடுத்தண்டை முழுக்க ஏற்றித்தான் எடுத்தேன். குனிய வேண்டாமே என்று.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தார். அவர் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் எழுத்து குதித்தது.


தாலி கட்டும் நேரம்
திங்கள், இரவு 10:05

கடைசியாகச் சொன்னீர்கள் பாருங்கள், அது எங்கள் பிழைப்பு. கல்யாண மண்டப மேடை மரப்பலகை. மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் ஏறி வந்தால் ட்ரைபாட் மட்டும் ஆடாது, மேடையே ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் மேடைக்குக் கீழே சிமெண்டுத் தரையில்தான் கால் ஊன்றுவேன். ஏற்காட்டில் வியூ பாயிண்ட் கம்பி வேலியில் ட்ரைபாடைச் சாய்த்து வைக்காதீர்கள் தம்பி. பத்து பேர் அந்தக் கம்பியில் சாய்ந்து செல்ஃபி எடுப்பார்கள்.

நான் வைத்திருப்பது மான்ஃப்ரோட்டோ 055, அலுமினியம், மூன்று செக்‌ஷன். 2.5 கிலோ. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. வேன் மேலிருந்து ஒரு தடவை விழுந்தது, குழந்தைகள் தடுக்கி விழுந்தது கணக்கே இல்லை. கார்பன் என்றால் ஒரு அடியில் விரிசல் விட்டுவிடும் என்கிறார்கள். உங்கள் காசில் நல்ல அலுமினியமே வாங்கலாம். எடைதான் ட்ரைபாடுக்கு அழகு.


ஜன்னலோரம்
செவ்வாய், காலை 7:20

எனக்கு எடை அழகு இல்லை. ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவன் நான். 055 மடித்தாலே 61 செ.மீ., ஹெட் போட்டால் இன்னும் நீளும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை எங்கே வைப்பது, பக்கத்து சீட்டுக்காரர் மடியிலா?

நான் வாங்கியது பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட், கார்பன். 1.27 கிலோ, மடித்தால் 39 செ.மீ. தண்ணீர் பாட்டில் வைக்கும் பக்கப் பையில் நின்றுகொள்ளும். 9.1 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. விலை அதிகம்தான். அலுமினியத்திலும் வருகிறது, 1.56 கிலோ. எப்போதும் கூடவே இருக்கிறதே, அதுதான் முக்கியம். வீட்டில் கிடக்கும் நல்ல ட்ரைபாடைவிடக் கையில் இருக்கும் சுமாரான ட்ரைபாட் மேல்.


மூக்கனேரிக் கொக்கு
செவ்வாய், காலை 9:00

தாங்கும் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன் அல்லவா, உதாரணம் நீங்கள் இருவருமே கொடுத்துவிட்டீர்கள். 2.5 கிலோ எடையில் மூன்று செக்‌ஷன் தடித்த கால் வைத்த 055-க்கு கம்பெனி போட்டிருப்பது 9 கிலோ. 1.27 கிலோ எடையில் ஐந்து செக்‌ஷன் வைத்த பயண ட்ரைபாடுக்குப் போட்டிருப்பது 9.1 கிலோ. இரண்டின் மேலும் ஒரு 500 மி.மீ. லென்ஸை வைத்துத் தட்டிப் பார்த்தவர் யாரும் இவை சமம் என்று சொல்ல மாட்டார்.

ஜன்னலோரம் வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. 24-70 மாதிரிச் சின்ன லென்ஸும் பஸ் டிக்கெட்டும் கையிலிருந்தால் நானும் அதைத்தான் வாங்குவேன். இருபதாம் வளைவு வைத்திருப்பது வேறு சாமான்.

கார்பன் விரிசல் பற்றி: கூர்மையான கல்லில் பட்டால் விடலாம். ஆனால் அலுமினியமும் நசுங்கும், நசுங்கிய குழாய் உள்ளே போகாது. இரண்டும் ஒன்றுதான். கார்பனின் நிஜ லாபம் எடை. அதிர்வைக் கொஞ்சம் சீக்கிரம் விழுங்கும் என்பதும் உண்மை, ஆனால் மெல்லிய கார்பனை விடத் தடித்த அலுமினியம் எனக்குப் பிடிக்கும்.


லேத்துக்காரன்
செவ்வாய், பகல் 1:40

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தம்பி, இருபத்தைந்தாயிரத்துக்கு முன்னால் முந்நூறு ரூபாய்க்கு ஒரு வேலை இருக்கிறது, கேட்கிறீர்களா?

அந்த நடுத்தண்டைப் பிடுங்கிப் போடுங்கள். அது இருக்கிற துளை என்ன அளவு? பெரும்பாலும் 25-லிருந்து 28 மி.மீ.க்குள் இருக்கும். அலுமினிய உருண்டைக் கம்பி 60 மி.மீ. விட்டத்தில் எடைக்கு வாங்கி, மேலே 12 மி.மீ. தடிமனுக்குத் தட்டு, கீழே துளைக்கு ஏற்ற மாதிரி 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு குச்சி, ஒரே துண்டாகக் கடையலாம். துளையைவிட ஒரு பத்தில் ஒரு மி.மீ. குறைவாக இருந்தால் போதும், இறுக்குகிற வளையம் பிடித்துக்கொள்ளும். நடுவில் துளை போட்டு, கீழிருந்து 3/8 அங்குல போல்ட், ஹெட்டை மாட்ட. மரை அங்குலத்துக்கு 16. சாதாரண ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். போல்டின் தலைக்குக் கீழே துளையைவிட அகலமான ஒரு வாஷர் கட்டாயம் போடுங்கள். வளையம் தளர்ந்தால் தட்டு கேமராவோடு சேர்ந்து மேலே கழன்று வரும். வாஷர் இருந்தால் தடுத்துவிடும்.

எங்கள் பட்டறையில் இரண்டு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவர் தட்டின் மேல்பக்கம் வழவழப்பாக வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார், ஹெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று திரும்பி வந்தார். மேலே லேசாக வரி விட்டுக் கடைய வேண்டும், அப்போதுதான் பிடிக்கும்.


தட்டுவடை செட்டு
செவ்வாய், பகல் 1:55

கார்பன் என்று நான் சொன்னது பழைய செய்தி ஆகிவிட்டது போல. சரி, என் சொந்த அனுபவம் ஒன்று. ட்ரைபாடே வேண்டாம் என்று பீன்பேக் தைத்தேன். உள்ளே போட என்ன கிடைக்கும்? சேலத்துக்காரன் வீட்டில் ஜவ்வரிசிக்கா பஞ்சம். மூன்று கிலோ நைலான் ஜவ்வரிசி. சும்மா சொல்லக்கூடாது, லென்ஸ் அதில் உட்கார்ந்தால் குழந்தை தூளியில் தூங்குகிற மாதிரி இருந்தது.

பக்கோடா பாயிண்ட்டில் ஒரு மணி நேரம் மூடுபனி. பாறையில் வைத்திருந்தேன், அடியில் ஈரம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கூழ். பையைக் கழுவ இரண்டு நாள் ஆனது.


காப்பித் தோட்டம்
செவ்வாய், இரவு 7:30

ஜவ்வரிசி வேண்டாம், கொண்டைக்கடலை போடுங்கள். நனைந்தால் சுண்டலாவது மிஞ்சும்.

நான் ஏற்காட்டிலேயே இருப்பவன், நாகலூர் போகிற ரோட்டில். இங்கே படம் எடுக்க வருகிறவர்களிடம் நான் பார்க்கிற தப்புகள் ட்ரைபாட் வாங்குவதில் இல்லை, ஊன்றுவதில்தான். காப்பிச் செடிகளுக்கு நடுவில் தரை முழுக்கச் சருகு. ஒரு சாண் ஆழத்துக்கு மெத்தை மாதிரி இருக்கும். அதன் மேல் ரப்பர் பாதத்தை வைத்தால் என்ன ட்ரைபாடாக இருந்தாலும் மிதக்கும். சருகைக் காலால் ஒதுக்கிவிட்டு மண்ணில் ஊன்றுங்கள். இரும்பு முனை இருந்தால் இன்னும் நல்லது. பாறையில் நேர்மாறு, ரப்பர்தான் பிடிக்கும். இங்கே பாறை சார்னோக்கைட் என்ற கெட்டிக் கல், இரும்பு முனை வழுக்கிக்கொண்டு போகும்.

சேர்வராயன் கோயில் மேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1,620 மீட்டர் உயரம், மரம் கிடையாது, காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். நடுவில் கொக்கி இருக்கிறதே என்று பையைத் தொங்கவிடுகிறார்கள். காற்றில் பை ஊஞ்சல் ஆடும், ஆடுகிற பை ட்ரைபாடையும் ஆட்டும். தொங்கவிட்டால் பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், பாதி எடை தரையில், பாதி கொக்கியில். கேமராவின் கழுத்துப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், அது கொடி மாதிரி படபடக்கும்.

அந்த மேட்டில் செம்மண். பாக்சைட் மண், பவுடர் மாதிரி. திருகு லாக் வைத்த கால் என்றால் ஈரத்தோடு செம்மண் உள்ளே போய் அடுத்த நாள் கறகற என்று இருக்கும். மாதம் ஒரு தடவை காலைக் கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.


நிலஅளவை
செவ்வாய், இரவு 9:10

முப்பது வருஷம் ட்ரைபாடோடு வாழ்ந்தவன். கேமராவுக்கு இல்லை, தியோடலைட், பிறகு டோட்டல் ஸ்டேஷன். எங்கள் மரக்கால் ட்ரைபாடில் ஆட்டம் என்ற பேச்சே இல்லை. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலும் இரண்டே துண்டு, நடுத்தண்டு கிடையாது, மேலே தோள்பட்டை உள்ளங்கை அகலம், முனையில் காலால் மிதித்து மண்ணில் இறக்க ஒரு படி. மரம் அதிர்வை நன்றாக விழுங்கும்.

ஆனால் ஆறேழு கிலோ. மரையும் கேமரா மரை இல்லை, 5/8 அங்குலம். அதனால் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். சரிவில் ஊன்றும்போது இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மாற்றி வைத்தால் ஒரு நாள் கருவி உருண்டு போகும். எங்கள் ஆள் ஒருவர் குப்பனூர் பக்கம் வைத்தது அப்படிப் போயிருக்கிறது.


மூக்கனேரிக் கொக்கு
செவ்வாய், இரவு 9:45

சார் சொல்வதில் ஒரு சின்ன வேறுபாடு. லென்ஸ் நீளமாக இருந்தால் ஒரு கால் லென்ஸ் பார்க்கிற திசையிலேயே இருக்க வேண்டும் என்பார்கள், முன்பக்கம் சாயாமல் இருக்க. ஏற்காட்டில் காட்சி எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். அப்போது லென்ஸுக்கு நேர் கீழே ஒரு கால், அதுவே பள்ளத்தில். எதைக் கேட்பது?


நிலஅளவை
செவ்வாய், இரவு 10:02

லென்ஸுக்கு அதன் நடுவிலேயே பிடிப்புப் பாதம் இருக்கிறதல்லவா? எடை நடுவில் சமமாக உட்கார்ந்தால் முன்பக்கம் சாய என்ன இருக்கிறது. சரிவு அதிகம் என்றால் நான் சொன்னது. சமதளம் என்றால் நீங்கள் சொன்னது.


விடிவெள்ளி
புதன், காலை 6:10

இரவில் நட்சத்திரம் எடுப்பவள் நான். உயரம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

தம்பி, 5 அடி 10 அங்குலம் என்றால் 178 செ.மீ. கண் ஏறத்தாழ 166-ல் இருக்கும். ஹெட்டும் கேமராவும் சேர்ந்து 25 செ.மீ. எடுத்துக்கொள்ளும். ஆக, கால் மட்டும் 140 செ.மீ. உயரம் நின்றால் நீங்கள் நிமிர்ந்தே பார்க்கலாம். கடையில் "உச்ச உயரம் 165" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அதில் நடுத்தண்டு முப்பது செ.மீ. இருக்கும். நடுத்தண்டு இல்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆனால் சமதளத்துக் கணக்கு இது. சரிவில் பள்ளத்துக் காலை இன்னும் முப்பது நாற்பது செ.மீ. நீட்ட வேண்டிவரும். அங்கேதான் 140 செ.மீ. ட்ரைபாட் கைவிடும். நான் 5 அடி 1 அங்குலம், எனக்குப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு? என் யோசனை, உட்கார்ந்து எடுங்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று அரைக் கிலோகூட வராது. காலில் ஒரு செக்‌ஷன் நீட்டாமலேயே வேலை முடியும், காற்றும் கீழே குறைவு. 500 மி.மீ. வைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் எடுப்பேன் என்பது ஆண்களுக்கே உரிய பிடிவாதம்.

விளக்குப் படத்துக்கு இன்னும் ஒன்று. டி850-ல் மிர்ரர் அப் வைத்து, எலக்ட்ரானிக் ஃப்ரண்ட் கர்டனையும் (ஷட்டர் அடிக்காமல் மின்னணுவாகவே படத்தைத் தொடங்கும் வசதி) போட்டு, ரிமோட்டில் அழுத்துங்கள். முதல் அழுத்தலில் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், மூன்று வினாடி விட்டு இரண்டாவது அழுத்துங்கள். அரை வினாடிக்கும் அறுபதில் ஒரு வினாடிக்கும் நடுவில்தான் கண்ணாடி அடிக்கிற அதிர்ச்சி படத்தில் அதிகம் தெரியும். புழு பாதி அதனாலேயே வந்திருக்கலாம். அதிர்வு அடக்கும் விஆர் பற்றிச் சண்டை போட வேண்டாம், போட்டு நாலு, அணைத்து நாலு எடுத்துப் பாருங்கள், உங்கள் ட்ரைபாடுக்கு எது என்று அதுவே சொல்லும்.


இருபதாம் வளைவு
புதன், இரவு 9:20

அக்கா, பிடிவாதத்தை ஒப்புக்கொள்கிறேன்.

லேத்து அண்ணா, துளை 26 மி.மீ. சனிக்கிழமை வரட்டுமா? முகவரியைத் தனி மடலில் அனுப்புங்கள்.

ஹெட் பற்றி யாராவது சொல்லுங்கள். இப்போதிருப்பது சின்ன பால் ஹெட், உருண்டையின் மேல் சுழல்கிற வகை. லாக் போட்டு கையை எடுத்ததும் லென்ஸ் மெதுவாகத் தலை குனிகிறது. பால் ஹெட் என்று தமிழில் எழுதினால் பால்காரர் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும்.


மூக்கனேரிக் கொக்கு
புதன், இரவு 10:30

தலை குனிவது இரண்டு காரணத்தால். பால் சின்னது, அல்லது லென்ஸை எடைச்சமனில் பிடிக்கவில்லை. லென்ஸின் பாதத்தில் நீளமான ஆர்கா தகடு, சுமார் 38 மி.மீ. அகலம் வருமே அது, இரண்டு திருகு போட்டு மாட்டுங்கள். ஒரே திருகு என்றால் தகடு சுற்றும். பிறகு ஹெட்டில் முன்னும் பின்னும் நகர்த்தி, கையை விட்டாலும் சாயாத இடத்தைக் கண்டுபிடித்து, பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் தேட வேண்டாம்.

பறவை எடுக்கிறீர்கள் என்றால் ஜிம்பல், லென்ஸை எடைச்சமனில் பிடித்து எந்தப் பக்கமும் லேசாகத் திருப்ப விடுகிற ஹெட். மூக்கனேரியில் நீர்க்காகம் இறங்கும்போது பால் ஹெட்டோடு மல்லுக்கட்டினால் அது உட்கார்ந்து இறக்கை காய வைத்துவிடும், நீங்கள் இன்னும் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஜிம்பல் எடை. வின்பெர்லி மாதிரி முழு ஜிம்பல் 1.4 கிலோ. கால்கள் ஒன்றரை கிலோவுக்கு வாங்கி, அதன் மேல் ஒன்றரை கிலோ ஹெட் வைப்பதில் தப்பில்லை, முதுகு சம்மதித்தால். விளக்கும் மலையும்தான் என்றால் 40 மி.மீ.க்கு மேல் பால் வைத்த நல்ல ஹெட் போதும்.

கால்களுக்கு என் முடிவு: மேல்குழாய் 32 மி.மீ., நடுத்தண்டு இல்லாதது, கார்பன். லியோஃபோட்டோ, சிருயி, பென்ரோ மூன்றிலும் இந்த வகை வருகிறது. ஜிட்ஸோவில் சீரிஸ் 3 என்பது இதே தடிமன், ஆனால் உங்கள் காசுக்கு வராது. மூன்று செக்‌ஷனா நாலா என்பதை உங்கள் பைக் முடிவு செய்யட்டும்.


தாலி கட்டும் நேரம்
புதன், இரவு 11:00

பைக் என்றதும் ஒன்று. நீளமான ட்ரைபாடைப் பின்சீட்டில் குறுக்காகக் கட்டாதீர்கள். வளைவில் எதிரே பஸ் வந்தால் அதன் முனை உங்களுக்கு முன்னால் போய்விடும். முதுகில் நெட்டுக்குத்தாகக் கட்டினால் 60 செ.மீ.க்கு மேல் உள்ளது ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் முட்டும், தலையைத் தூக்கி மேல் வளைவைப் பார்க்க முடியாது. ட்ரைபாட் ஆடினால் படம்தான் போகும்.


இருபதாம் வளைவு
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை லேத்து அண்ணா பட்டறைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். சுருள் சுருளாக அலுமினியம் விழுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். காசு வாங்க மாட்டேன் என்றார், அலுமினியத்துக்கு மட்டும் திணித்துவிட்டு வந்தேன். அந்தத் தட்டோடு, கடைசி செக்‌ஷனை உள்ளே தள்ளி, உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். ஒன்றரை வினாடி. அக்கா சொன்ன மிர்ரர் அப்பும் போட்டதும் மாடியில் எடுத்த எழுத்து முதல் தடவையாகக் கத்தி மாதிரி வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய கால் மூன்றில் ஒன்றின் லாக் பாரம் வைத்தால் மெதுவாக இறங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் சென்னையில் ஒருவரிடம் அவர் பயன்படுத்திய பழையது ஒன்றை விலைக்கு வாங்கினேன். கார்பன், மேல்குழாய் 32 மி.மீ., நாலு செக்‌ஷன், நடுத்தண்டு இல்லை. கால்கள் மட்டும் 18,000 ரூபாய். ஹெட்டுக்கு மீதி.

பழையது வாங்குகிறவர்களுக்காக, நான் பார்த்தவை: மூன்று காலையும் முழுக்க நீட்டி லாக் போட்டு, என் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்பட்டையில் அழுத்தினேன், எந்தக் காலும் இறங்கக் கூடாது. கார்பன் குழாய் உலோகத்தோடு ஒட்டுகிற இடத்தைப் பிடித்துத் திருகினேன், பசை விட்டிருந்தால் அங்கே லேசாகச் சுற்றும். ஒவ்வொரு குழாயையும் நகத்தால் தடவினேன், விரிசல் இருந்தால் நகத்தில் தட்டும். ஒரு காலில் திருகு கறகற என்றது. காப்பித் தோட்டம் சார் சொன்னது ஞாபகம் வந்தது. கழற்றினால் கடற்கரை மணல். அதைச் சொல்லி ஆயிரம் குறைத்தேன்.

மூன்று செக்‌ஷன் நீட்டித் தட்டினால், ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் அடங்கிவிடுகிறது.

இன்று காலை லேடீஸ் சீட் போனேன். மூடுபனி. ஆறரை, ஏழரை, எட்டரை. எனக்கும் என் ட்ரைபாடுக்கும் நடுவில்கூடப் பனி. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் "சேலம் எந்தப் பக்கம்?" என்று கேட்டது, கையைக் காட்டினேன். ஒன்பது மணிக்கு மூட்டை கட்டினேன்.


தட்டுவடை செட்டு
ஞாயிறு, மாலை 6:40

மூடுபனி ஆடாமல் வந்திருக்குமே.


லேத்துக்காரன்
ஞாயிறு, இரவு 8:05

பழைய ட்ரைபாட் லாக் இறங்குகிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்திருக்கும். கொண்டு வாருங்கள், நைலானில் கடைந்து போட்டுப் பார்ப்போம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


இருபதாம் வளைவு
ஞாயிறு, இரவு 8:20

போடவில்லை அண்ணா. தங்கை மகன் எடுத்துப் போயிருக்கிறான், போனை மாட்டி ரீல்ஸ் எடுக்க. வாங்கிக்கொண்டு வருகிறேன்.


காப்பித் தோட்டம்
ஞாயிறு, இரவு 9:30

தம்பி, அடுத்த ஞாயிறு முடிந்தால் இங்கே வாருங்கள். மூன்று நாளாகக் காட்டெருமைக் கூட்டம் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பக்கம் இறங்குகிறது, ஒரு கன்றும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ரோட்டிலிருந்தே தெரியும். என் ஜீப்பிலேயே உட்கார்ந்து எடுக்கலாம், கீழே இறங்கக் கூடாது. கன்றோடு இருக்கும்போது அவை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஜீப் ஜன்னலில் அதற்கு வேலை இல்லை. மூன்று கிலோ கொண்டைக்கடலை மட்டும் வாங்கி வாருங்கள். பை என்னிடம் இருக்கிறது.